அனுப்புநர் இல்லாத கார்டு

செங்கமலத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பஸ் ஸ்டாண்டில்தான் சார். செவ்வாய்க்கிழமை. விடியற்காலை அஞ்சு பத்துக்குக் கிளம்பும் தஞ்சாவூர் பஸ். ஏறி மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டாள். ஒரு வருஷமாக அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. "இன்னிக்கு எம்.எல்.ஏ. ஆபீசுல வரச் சொல்லியிருக்காங்களே, உனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றேன். "ஆமால்ல, மறந்துட்டேன்" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது. கையாட்டினாளா இல்லையா என்று ஞாபகமில்லை. நான் அப்போது சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உட்காருங்கள் சார். அந்த ஸ்டூல் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் முந்நூறு தபால் கார்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மேல்நிலைப் பள்ளி ஆக்க வேண்டும், எம்.எல்.ஏ.க்களுக்கு ஊரே கார்டு போட வேண்டும், நியாயமான காரியம். இந்த வைரக்கண்ணு எழுதினால் நடக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டயாலிசிஸ் மெஷின் வந்தது இவர் எழுதிய கார்டால்தான் என்று சொல்லியிருப்பார்கள். அதுதான் இல்லை. அதைச் சொல்லாமல் உங்களிடம் கார்டை வாங்கினால் தப்பு. அதனால்தான் முதலில் பஸ் ஸ்டாண்டு விஷயத்தைச் சொன்னேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். இந்தத் தாலுகா ஆபீசுக்கு எதிரில் முப்பத்தெட்டு வருஷமாக மனு எழுதுகிறேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய மனுக்களைக் காகிதக் கடையில் பொறுக்கி வந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. அப்புறம் 'மதிப்பிற்குரிய ஐயா'. மேல்நோக்கி ஏறாமல், கீழ்நோக்கி இறங்காமல், கோடு போடாத தாளிலும் என் வரி நேராக நிற்கும். தாசில்தார் ஒருவர், "யோவ், உன் மனுவைப் படிக்கவே வேண்டாம்யா, பார்த்தாலே கையெழுத்துப் போடலாம்னு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். பெருமைக்குச் சொல்லவில்லை. சொன்னார், அவ்வளவுதான்.

செங்கமலத்துக்குக் கிட்னி போனது தெரிந்தபோது அவளுக்கு ஐம்பத்தோரு வயது. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்க வேண்டும். அந்த மெஷின் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில்தான் இருந்தது. இரண்டேகால் மணி நேரம் போக, இரண்டேகால் மணி நேரம் வர. நடுவில் நான்கு மணி நேரம் மெஷின். நம் தாலுகா ஆஸ்பத்திரியில் கட்டடம் இருந்தது, டாக்டர் இருந்தார், மெஷின் இல்லை. நம் ஊரிலிருந்து அந்த பஸ்ஸில் பதினோரு பேர் போனார்கள். இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள், அதைத் தொட்டால் மோட்டார் ஓடுகிற மாதிரி அதிரும். கண்டக்டருக்கே அவர்களைத் தெரியும். "கிட்னி கோஷ்டி ஏறியாச்சா?" என்று கேட்டுத்தான் விசில் கொடுப்பார். செங்கமலம் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆறு மாதம் நானும் கூடவே போனேன் சார். அப்புறம் அவள்தான் சொன்னாள், "நீங்க வந்து அந்த வராந்தாவுல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இங்க கடையைப் பாருங்க. எனக்குத்தான் லூர்துமேரி தம்பி இருக்கானே" என்று. அவளே சொன்னது. நான் அவளை விட்டுவிடவில்லை.

லூர்துமேரி யார் என்று சொல்லவில்லையே. பழைய தியேட்டர் தெருவில் ஜாக்கெட் தைக்கிறது அந்தம்மா. அதன் தம்பி சவரிமுத்தும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். கார்டு போடலாம் என்பது லூர்துமேரியின் யோசனை. ஒரு நாள் இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "அண்ணே, ரெண்டு மாசத்துல சட்டசபையில ஆஸ்பத்திரி மானியக் கோரிக்கை வருதாம். நம்ம எம்.எல்.ஏ., இந்தப் பக்கத்து எம்.எல்.ஏ., அந்தப் பக்கத்து எம்.எல்.ஏ., மூணு பேருக்கும் வீட்டுக்கு வீடு கார்டு போடுவோம். மூட்டை மூட்டையா போய் விழணும். யாராவது ஒருத்தராவது எந்திரிச்சுப் பேச மாட்டாங்களா?" என்றது.

நல்ல யோசனை. நானும் சரி என்றேன். அப்போது அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். செங்கமலமும் மெலிந்துகொண்டே வந்தாள். பஸ்ஸில் போய் வருகிற தெம்பு இன்னும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரே என்னிடம் தனியாகக் கேட்டார். இங்கேயே மெஷின் வந்துவிட்டால் பிழைத்துக் கிடப்பாள். வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

லூர்துமேரி தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்த்தது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களை எல்லாம் பிடித்தது. முதல் வாரம் ஒரு நாற்பது கார்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தது. பார்த்தேன் சார். ஒருத்தர் பென்சிலில் எழுதியிருக்கிறார். ஒருத்தர் கார்டைக் குறுக்கே வைத்து எழுதியிருக்கிறார். ஒரு அம்மா 'தம்பி நல்லா இருக்கியா' என்று ஆரம்பித்திருக்கிறது, எம்.எல்.ஏ.வை! மீன் விற்கிற ஒரு ஆள், 'ஓட்டுக் கேட்டு வந்தப்ப என் கூடையைத் தூக்கிவிட்டியே, இப்ப எங்கய்யா போனே' என்று எழுதியிருக்கிறார். ஒன்றிலும் பொருள் கிடையாது. கோரிக்கை என்ன என்பதே நாலாவது வரியில்தான் வருகிறது. இதை எல்லாம் அனுப்பினால் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

"இதை விட்டுடு லூர்து. நான் எழுதுறேன், அவங்க கீழ கையெழுத்து மட்டும் போடட்டும்" என்றேன்.

"அண்ணே, கோழி கிளறினாப்பல இருந்தாலும் அது அவங்க கிளறினது."

"மனுன்னா ஒரு முறை இருக்கும்மா."

"நம்ம என்ன பட்டாவா கேக்குறோம்? உசுரைக் கேக்குறோம்."

"உசுரைக் கேக்குறதுக்கும் முறை இருக்கு" என்றேன்.

அது கார்டை எல்லாம் ஒன்றாக அடுக்கியது. அப்புறம், "நீங்க எங்களைவிடப் படிச்சவங்க" என்று சொல்லி அந்த நாற்பது கார்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டது. என்ன செய்தது என்று நான் கேட்கவில்லை.

ஆளுக்கு இருநூற்று நாலு வீதம், மூன்று எம்.எல்.ஏ.க்களுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு கார்டு எழுதினேன். இருபத்தாறு நாள். கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வீட்டில் மேஜை போட்டு எழுதினேன். ஒரே வாசகம். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. விரல் மரத்துப்போகும், வெந்நீரில் விட்டுக்கொண்டு எழுதுவேன். செங்கமலம் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், "எனக்கும் ஒரு கார்டு குடுங்களேன்" என்றாள்.

"உனக்கு முதல் கார்டே எழுதியாச்சு. இந்தா, கையெழுத்துப் போடு."

போட்டாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். வேறு எதுவும் அவள் எழுதி நான் பார்த்ததில்லை. பால் கணக்கு, மளிகைச் சீட்டு, பெண்ணுக்குக் கடுதாசி, எல்லாம் நான்தான். அவள் சொல்வாள், நான் எழுதுவேன். அவள் ஒன்று சொன்னால் நான் அதைச் சரியாக ஆக்கி எழுதுவேன். "அப்படியா சொன்னேன்?" என்று சிரிப்பாள்.

லூர்துமேரி கட்டுகளைப் பார்த்தது. "என்னண்ணே, போலீஸ் அணிவகுப்பு மாதிரி நிக்குது" என்றது. பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கார்டு எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் நம் எம்.எல்.ஏ. ஆபீசிலிருந்து பி.ஏ. போன் செய்தார். "இந்தக் கார்டெல்லாம் எழுதினது நீங்கதானே? செவ்வாய்க்கிழமை காலையில வந்து பாருங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை சார். கூப்பிட்டுவிட்டார்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் அன்றைக்கு அவளோடு போகவில்லை.

பி.ஏ. மேஜையில் என் கட்டு இருந்தது. மேலே இருந்த கார்டை எடுத்தார். "முத்து முத்தா இருக்குங்க" என்றார். "ஆனா இது இருநூறு பேர் எழுதினது இல்லியே. நீங்க ஒருத்தர் எழுதினது."

"கீழ கையெழுத்து வேற வேறயா இருக்குங்களே சார்."

"கையெழுத்து வாங்கவா கஷ்டம்? ஒரு கல்யாண வீட்டு வாசல்ல நின்னா போதும். ஐயாகிட்ட இதை ஒரு மனுவுன்னுதான் சொல்லுவேன். ஒரு மனுவுக்கு என்ன உண்டோ அது உண்டு" என்றார். அப்புறம் குரலைக் குறைத்து, "அதுக்கு உங்களை வரச் சொல்லலை. ஐயா மகளுக்குக் கல்யாணம். தொள்ளாயிரம் பத்திரிகை. மேல விலாசம் எழுதணும். பசங்க எழுதினா கிறுக்கி வைக்கிறானுங்க. உங்க கார்டைப் பார்த்ததும் ஐயாவே சொன்னார், இந்த ஆளைக் கூப்பிடுன்னு" என்றார்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் சார்? எம்.எல்.ஏ.வே என் எழுத்தைப் பார்த்திருக்கிறார். இந்த வேலையைச் செய்துகொடுத்தால் நம் விஷயத்தையும் பார்ப்பார் என்று நினைப்பது தப்பா? உட்கார்ந்தேன். உள்ளறையில் ஜமுக்காளம் விரித்துக் கொடுத்தார்கள். ஐயா போனில் பேசிக்கொண்டிருக்கிறார், உங்கள் போனை அணைத்து வையுங்கள் என்றார்கள். அணைத்தேன். மத்தியானம் நல்ல சாப்பாடு போட்டார்கள். நானூற்று இருபது உறை எழுதினேன். மந்திரிகள், கலெக்டர், நீதிபதிகள். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது இவர் சொன்னால் மெஷின் வருமா, இவர் சொன்னால் வருமா என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

வெளியே வந்து போனைப் போட்டபோது மணி ஐந்தரை. பதினேழு தடவை கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் சவரிமுத்து.

திரும்பி வருகிற பஸ்ஸில் போய்விட்டாள். சவரிமுத்து தோளில் சாய்ந்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று அவன் நினைத்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். வழியில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, அவரே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாராம். அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வயது ஐம்பத்து மூன்று.

இல்லை, பரவாயில்லை சார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தண்ணீர் குடிக்கிறீர்களா?

காரியம் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் லூர்துமேரி வந்தது. கையில் செய்தித்தாள். சட்டசபையில் ஆஸ்பத்திரி மானியக் கோரிக்கை நடந்திருக்கிறது. அந்தப் பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ., முதல் தடவை ஜெயித்து வந்தவர், நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மெஷின் கேட்டுப் பேசியிருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நம்ம கார்டு வேலை செஞ்சிருக்கு லூர்து" என்றேன்.

"கார்டுதான் அண்ணே" என்றது. அப்புறம் செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டது. "உங்க கார்டு இல்லை. அக்கா எழுதின கார்டு."

எந்த அக்கா என்று கேட்டேன் சார். நிஜமாகவே கேட்டேன்.

நான் கார்டு கொடுக்கவில்லை என்றதும் செங்கமலம் பஸ்ஸில் சவரிமுத்துவிடம் சொல்லியிருக்கிறாள். அவன் லூர்துமேரியிடம் ஒரு கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்துக்கொண்டு, தைக்காத கையால், நர்சிடம் பேனா வாங்கி எழுதினாளாம். லூர்துமேரி அதையும், நான் வேண்டாம் என்று சொன்ன அந்த நாற்பது கார்டையும் சேர்த்துத் தபாலில் போட்டிருக்கிறது. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று செங்கமலம் சொன்னாளாம். "அவரு பார்த்தா திருத்துவாரு" என்றாளாம்.

அந்த எம்.எல்.ஏ. அதைச் சபையில் படித்திருக்கிறார். முழுசாகப் படித்திருக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நடவடிக்கைக் குறிப்பின் நகல் வாங்கினேன். எனக்கு மனப்பாடம். சொல்கிறேன், கேளுங்கள்.

'ஐயா, செவ்வாயும் வெள்ளியும் அஞ்சு மணி பஸ்ஸில் போறோம். பதினோரு பேர் போனோம், இப்ப ஒன்பது பேர். மெஷினில் படுத்துவிட்டு வரும்போது நிக்க முடியலை. எடம் கேட்டா குடிச்சிருக்காளா என்று பாக்கிறாங்க. தண்ணி நிறைய குடிக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவங்க பாட்டில் திறந்தா நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன். வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் மனு எழுதுறவர். எப்படி இருக்குன்னு தினம் கேப்பார். நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன். அவருக்கு எழுத்து வேலை இருக்கு. மெஷின் எங்க ஊரில் இருந்தா நடந்து போய் நடந்து வந்துடுவேன்.'

அவ்வளவுதான். மந்திரி எழுந்து ஆவன செய்யப்படும் என்று சொல்லியிருக்கிறார்.

நீங்கள் வாத்தியார். நீங்களே சொல்லுங்கள், இது மனுவா? பொருள் எங்கே இருக்கிறது? எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மெஷின், எதுவும் இல்லை. குடிச்சிருக்காளா என்பதெல்லாம் சட்டசபையில் படிக்கிற வார்த்தையா? என் கார்டில் எல்லாம் இருந்தது. தூரம், நேரம், நோயாளிகள் எண்ணிக்கை, சுற்றியுள்ள நாற்பத்தாறு கிராமம், எல்லாம். அவருக்கும் இருநூற்று நாலு கார்டு போயிருக்கிறது. ஒன்றையாவது கையில் எடுத்திருக்கலாம் இல்லையா?

தினம் கேட்டேன் சார். அதை அவளே எழுதியிருக்கிறாள், பாருங்கள். தினம் கேப்பார் என்று எழுதியிருக்கிறாள். நல்லா இருக்கு என்று அவள் சொன்னால் நான் என்ன செய்ய? நல்லா இருக்கிறாள் என்றுதானே நினைப்பேன். வீட்டில் குடத்துத் தண்ணீரை அவள் எதிரிலேயே மொண்டு மொண்டு குடித்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் மெஷின் வந்தது. நாலு மெஷின். சவரிமுத்து அதில் மூன்று வருஷம் உயிரோடு இருந்தான். காலையில் சைக்கிளில் போய்ப் படுத்துவிட்டு மத்தியானம் என் கடையைத் தாண்டித்தான் போவான். ஒரு நாளும் நிற்க மாட்டான். நானும் கூப்பிட மாட்டேன். லூர்துமேரி மட்டும் வந்து போகும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முந்நூறு கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள் சார். எழுதத் தெரிந்தவர்கள் அவரவரே எழுதட்டும். தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நான் எழுதவில்லை. திருத்தவும் மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், அனுப்புநர் போடச் சொல்லுங்கள். பெயர், தகப்பன் பெயர் அல்லது கணவன் பெயர், கதவு எண், தெரு. அதை விட்டுவிடக் கூடாது. செங்கமலம் அதைப் போடவில்லை. அந்த எம்.எல்.ஏ.வும் 'பெயர் தெரியாத ஒரு சகோதரி எழுதிய அட்டை' என்றுதான் சபையில் சொன்னார்.

அந்தக் கார்டைக் கேட்டு நான் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர். அடுத்த தேர்தலில் தோற்றுப்போயிருந்தார். அவரே அலமாரியை எல்லாம் இறக்கித் தேடினார். "மந்திரி கையிலயே குடுத்துட்டேன்னு நினைக்கிறேன் ஐயா. யாரு அது, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார். வீட்டுக்காரி என்று சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். கோட்டைக்கு எழுதிப் போட்டேன். கோரப்படும் ஆவணம் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது.

அவள் கையால் எழுதியது வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. எல்லாம் நான் எழுதியது. நடவடிக்கைக் குறிப்பில் நானூற்றுப் பதினாறாம் பக்கத்தில் அச்சில் பத்து வரி இருக்கிறது. பெயர் இல்லை.